கூப்பிட்டால் திரும்பாதவள்

அவளுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதிப் பயனும் இல்லை. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத ஆளென்று நான் வாழ்க்கையில் கண்டது அவள் ஒருத்தியைத்தான்.

கனடாவில், மொன்றியல் நகரத்தின் சென்ட் லோரன்டில், மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் இருவரும் வேலை செய்தோம். நான் அங்கே பழசு. அவள் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள், வயதிலும் என்னைவிட நன்றாக இளையவள். அவள் வந்த முதல் நாள், சாப்பாட்டு அறையில் தன் கையுறையை மேசையில் மறந்துவிட்டுப் போனாள். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. உரத்துக் கூப்பிட்டேன். மெசினடியில் நின்ற ஹெயிட்டிக்காரி திரும்பினாள், வாசலில் நின்ற சுப்பவைசர் திரும்பினான். இவள் கழுத்து அசையாமல் நேரே போய்க்கொண்டிருந்தாள். ஓடிப்போய் முன்னால் நின்று கையுறையை நீட்டினேன். முகம் நிறையச் சிரித்தாள்.

"அக்கா, கூப்பிட்டனீங்களோ? கேக்கேல்லை."

காது மந்தம் என்று எல்லோருமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். ஆனால் அவள் வரிசையில் ஒரு குளிசை தவறி நிலத்தில் விழுந்தால் அந்தச் சத்தம் முதலில் கேட்பது அவளுக்குத்தான். மெசின் மக்கர் பண்ணப் போகிறது என்பதை அதன் முனகலை வைத்தே சொல்லுவாள். சுப்பவைசர் இரண்டு மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்துக் களைத்து, காதைச் சோதிக்க அனுப்பினான். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"மற்றவையை விட நல்லாய்க் கேக்குதாம் அக்கா."

"அப்ப மனுசர் கூப்பிடேக்கை மட்டும் என்ன கோதாரி?"

"ஏதும் யோசினையிலை இருந்திருப்பன்."

எங்கள் வரிசைப் பெண்கள் அவளுக்கு 'ஹைவே' என்று பட்டம் வைத்தார்கள். திரும்ப இடமில்லாத தெரு என்று அர்த்தம். அவள் கோபிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், 'ஹைவே' என்று கூப்பிட்டால் உடனே திரும்புவாள். அவளுடைய சின்ன மகள் பிரெஞ்சில் அம்மா என்று, 'மமோ' என்று முனகினால் போதும், இரண்டு அறை தள்ளி நின்றாலும் ஓடி வருவாள். பெயருக்குத்தான் இல்லை. நாளடைவில் நாங்கள் எல்லோரும் அவளோடு ஏதாவது கதைக்க வேண்டுமென்றால் நடந்துபோய் முன்னால் நிற்கப் பழகிக்கொண்டோம்.

நான் எப்படிப்பட்டவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயந்தாங்கொள்ளி. மெற்றோவில் பரிசோதகர்கள் நின்றால், கையில் செல்லுபடியாகும் பாஸ் இருக்கும்போதே மற்ற வாசலால் சுற்றிப் போவேன். டெப்பனரில், அதாவது தெருமுனைக் கடையில், பால் வாங்கிவிட்டு, பில் இல்லாமல் வெளியே வரமாட்டேன், யாராவது மறித்தால் என்ன சொல்வது என்று. அவளோ பனிக் குவியலுக்குள்ளே ஒற்றைக் கையால் கார் ஓட்டுகிறவள். வேலை முடிய என்னைத் தன் காரில் கொண்டுவந்து விடுவாள். நான் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தபடி முருகா முருகா என்று வருவேன்.

"அக்கா, நீங்கள் பயத்தைச் சொந்தக்காரர் மாதிரி வீட்டிலை வைச்சுச் சாப்பாடு குடுக்கிறியள்," என்பாள்.

அவளுக்குப் பயமே இல்லை என்றுதான் அப்போது நம்பினேன்.

இன்னொரு பழக்கமும் அவளிடம் இருந்தது. வருசத்தில் ஒருநாள், மாசிக் குளிரில், வேலைக்கு ஒரு கேக் கொண்டு வருவாள். வெள்ளைக் கிறீம் பூசிய சின்னக் கேக், மேலே ஒரு மெழுகுதிரி. அவளுக்கும் பிறந்தநாள் இல்லை, மகளுக்கும் இல்லை, லவாலில் பேக்கரி வேலை செய்த புருசனுக்கும் இல்லை.

"ஆரின்ரை பிறந்தநாள்?"

"ஒராளின்ரை. சாப்பிடுங்கோ அக்கா."

பெயர் தெரியாமல் பிறந்தநாள் பாட்டுப் பாட முடியாது. நாங்கள் பேசாமல் சாப்பிட்டோம்.

மெற்றோ லவாலுக்கு நீளுவதற்கு முந்திய காலம் அது. ஒரு தை மாதம் என் அக்காவின் மகளுக்குப் பாரிசில் கல்யாணம். இவளுடைய அண்ணனும் பாரிசில்தான் இருந்தான். அவனைக் கண்டு வருசக்கணக்காகிவிட்டது என்று அவளும் லீவு எடுத்துக்கொண்டு, மகளைப் புருசனிடம் விட்டுவிட்டு என்னோடு வந்தாள். கல்யாணம் முடிந்து, மொன்றியலுக்குத் திரும்ப ஒரு வார இறுதி மிச்சம் இருந்தது. அக்கா வீட்டுக்கு வந்து குசினிக் கதவடியில் நின்றபடி கேட்டாள்.

"அக்கா, ஸ்பெயினுக்குப் போவமே? மலிவு பிளேன் ஒண்டு கிடக்கு. தெற்குப் பக்கம். கார் எடுத்து ஓடலாம்."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகென்னத்துக்கு?"

"தோடம்பழம் பாக்க."

ஆரஞ்சுப் பழம் பார்க்க ஸ்பெயினுக்கா, பகிடி என்று நினைத்தேன். என் அக்கா வேறு பக்கத்தில் நின்று, "போயிட்டு வாவன், சாகுமட்டும் குளிசைப் பெட்டியையே பாத்துக்கொண்டிருக்கப் போறியோ?" என்று உசுப்பேற்றிவிட்டாள். போனேன்.

மாலகாவில் இறங்கி ஒரு சின்னச் சிவப்புக் கார் எடுத்தோம். கியர் கார். அவள் ஓட்டினாள், நான் மடியில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு வட்டச் சந்தியிலும் நெஞ்சைப் பிடித்தேன். ஒலிவ் மரங்கள் மலை மலையாய் வரிசைகட்டி நிற்க, பாரவண்டிகள் எங்களை உரசுவதுபோல் கடந்து போயின. கிரனாடாவில் குன்றின் மேலே பெரிய அரண்மனை இருக்கிறது. அன்றைய டிக்கெட் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. "அரண்மனை பாக்கவே வந்தனாங்கள்?" என்று சொல்லி, உருளைக்கிழங்கு போட்டுத் தடிப்பாய்ப் பொரித்த முட்டையைப் பாணோடு வாங்கித் தந்தாள். மகளுக்கு ஒரு மடக்கு விசிறியும் வாங்கினாள், கறுப்பில் சிவப்புப் பூப் போட்டது.

கோர்டோபாவில்தான் எனக்கு முதல் பயம் பிடித்தது. அங்கே தூண்களாலேயே ஆன ஒரு பழைய வழிபாட்டு இடம் உண்டு. உள்ளே போனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் தூண், தூணுக்குப் பின்னால் தூண், மேலே சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வளைவுகள். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவளைத் தவறவிட்டேன். இருட்டுப் பிடித்த இடம், பாசை தெரியாத சனம், என் பாஸ்போட் அவள் பையில். பதறிப்போய் அங்குமிங்கும் ஓடினேன். கடைசியில் கொஞ்சம் தள்ளி, ஒரு தூணருகே, எனக்கு முதுகு காட்டியபடி நிற்பதைக் கண்டேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அந்த அமைதிக்குள் என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. நின்ற வெள்ளையர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. ஆனால் பையின் வாரைப் பிடித்திருந்த அவள் கை சட்டென்று இறுகியதைக் கண்டேன். தோள் இரண்டும் உயர்ந்து அப்படியே நின்றன. நான் மறுபடி கூப்பிட்டபோது கை இன்னும் இறுகியது.

அவளுக்குக் கேட்டிருக்கிறது. அன்று மட்டுமல்ல, தொழிற்சாலையில் நாங்கள் தொண்டை கிழியக் கத்திய ஒவ்வொரு தரமும் கேட்டிருக்கிறது. கேட்டுக்கொண்டே திரும்பாமல் நடந்திருக்கிறாள். நான் யாரோடு வந்திருக்கிறேன் என்று நினைத்தேன். சுற்றிப்போய் முன்னால் நின்றேன். வழக்கமான சிரிப்பு, வழக்கமான கேள்வி.

"அக்கா, கூப்பிட்டனீங்களோ?"

அன்று பின்னேரம் ஹோட்டல் கட்டிலில் அவள் தலை வாரிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி இருந்தேன். கேட்கலாமா என்று வாய் வரை வந்தது. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தில் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டேன்.

மறுநாள் செவில். தோடம்பழம் என்று அவள் சொன்னது பகிடியில்லை. அந்த ஊரில் தெரு ஓரமெல்லாம் தோடை மரம்தான். தை மாதம், மொன்றியலில் மூக்கு உறைகிற நாட்கள், இங்கே மரம் நிறையப் பழம். பறிப்பார் இல்லை. நடைபாதையில் விழுந்து உருண்டு கிடந்தன. அவள் காரை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினாள். கோயிலையோ கடைகளையோ பார்க்கவில்லை. மேல்மாடி யன்னல்களை மட்டும் அண்ணாந்து பார்த்தபடி ஒழுங்கை ஒழுங்கையாகப் போனாள். நான் செருப்பு வார் கடிக்கக் கடிக்கப் பின்னால் போனேன். கடைசியில் மஞ்சள் சுவரும் இரும்புக் கம்பி போட்ட யன்னலும் உள்ள ஒரு மாடிவீட்டின் முன்னால் நின்றாள்.

"இதாயிருக்கலாம்," என்றாள். "எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு."

"எது?"

"கனடாவுக்கு வாறதுக்கு முதல் இந்த ஊரிலைதான், கள்ளமாய் ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் எங்களை வைச்சிருந்தவன். ஒரு அறை, நாங்கள் கொஞ்சப் பெட்டையள். வெளியிலை விடான். யன்னலாலை பாத்தால் தோடை மரம் மட்டும்தான். பழுத்துப் பழுத்து விழும், ஒருத்தரும் பொறுக்காயினம். ஏன் பொறுக்கீனமில்லை எண்டு நாங்கள் நாள் முழுக்க அதைப் பற்றியே கதைப்பம். அவ்வளவு ஆசை."

எட்டி ஒரு பழத்தைப் பறித்தாள். நகத்தால் உரித்து, ஒரு சுளையை வாயில் போட்டாள். அடுத்த கணம் துப்பினாள்.

"கைக்குது அக்கா."

நானும் ஒரு சுளை வாங்கிச் சாப்பிட்டேன். வேப்பங்காய்க்குப் புளி விட்ட மாதிரி இருந்தது. இருவரும் அந்தச் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தோம். அவள் கண்ணால் நீர் வழிய வழியச் சிரித்தாள். அதற்கு மேல் அவள் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. கதை அவ்வளவுதான் என்று நினைத்து என் மனமும் கொஞ்சம் ஆறியிருந்தது.

திங்கட்கிழமை காலை மாலகாவுக்குத் திரும்பினோம். மத்தியானம் பாரிசுக்கு விமானம், அடுத்த நாள் மொன்றியலுக்கு. நல்ல வெயில். அவள் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு, மகளைப் பகலில் விடுகிற காப்பகத்தில், கராட்ரியில், பிள்ளைகள் எல்லோரும் பிரெஞ்சில் சண்டை பிடிக்கிற விதத்தை நடித்துக் காட்டிக்கொண்டு வந்தாள். ஒரு சிற்றூரைத் தாண்டி, வட்டச் சந்தி ஒன்றில், பச்சைச் சீருடை போட்ட காவலர்கள் வாகனங்களை மறித்துக்கொண்டு நின்றார்கள். எங்களுக்கும் கை காட்டினார்கள். நான் வழக்கம்போல் முருகா முருகா என்று தொடங்கினேன். வழக்கத்துக்கு மாறாக அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

இளவயதுக் காவலன் ஒருவன் குனிந்து வணக்கம் சொன்னான். அவள் பையிலிருந்து இரண்டு கனடா பாஸ்போட்டையும் எடுத்துக் கொடுத்தேன். அவன் அவளுடையதை விரித்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"நொம்ப்ரே?"

மொன்றியல் பிரெஞ்சுக் காதுக்கு அது 'எத்தனை' என்று கேட்டது. எத்தனை பேர் என்கிறான் என்று நினைத்து இரண்டு விரலைக் காட்டினேன். ஸ்பானிஷில் அது 'பெயர்' என்று பிறகுதான் தெரிந்தது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்து மறுபடி கேட்டான்.

"நொம்ப்ரே?"

அவள் முன் கண்ணாடியை நேரே பார்த்தபடி ஒரு பெயரைச் சொன்னாள். முழுப் பெயர், தகப்பன் பெயரோடு சேர்த்து, வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளையின் குரலில். தமிழ்ப் பெயர்தான். ஆனால் நான் அதுவரை கேட்டிராத பெயர்.

அவன் பாஸ்போட்டைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். இன்னொரு தரம் கேட்டான். அதே பெயர், அதே குரல், ஒரு எழுத்து மாறாமல். பிறகு யாரும் கேட்காமலே, "டேற் ஒஃப் பேர்த்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். நான் அவள் தொடையில் நுள்ளினேன், நகம் பதிய. அவள் நிறுத்திவிட்டாள். நான் நுள்ளியதை அவன் கண்டுவிட்டான்.

காரை ஓரம் கட்டி நிறுத்தச் சொல்லி, கார்த் திறப்பை உருவி வாங்கினார்கள். அவளை இறக்கி, கொஞ்சம் தள்ளி நின்ற பொலிஸ் வானடிக்குக் கூட்டிப் போனார்கள். என்னைக் காரடியிலேயே நிற்கச் சொன்னார்கள். அவள் மறு பேச்சில்லாமல் போனாள். பனியில் கார் ஓட்டுகிற அந்தப் பெண்ணை அவள் நடையில் காணவில்லை.

பாஸ்போட் சரி. வாய் பிழை. அந்தப் பாஸ்போட் இன்னொருத்தியுடையது என்றுதானே அவர்கள் நினைப்பார்கள். அவளைக் கொண்டுபோய் அடைப்பார்கள், கனடாவுக்கு அறிவிப்பார்கள், அவள் எந்தப் பெயரில் எப்படி வந்தாள் என்று கிண்டுவார்கள். கிண்டினால் எது வருமென்று யாருக்குத் தெரியும். பின் சீற்றில் அந்த விசிறி கிடந்தது. நாளைக்கு அம்மா வருவாள் என்று ஐந்து வயதுப் பிள்ளை மொன்றியலில் காத்துக்கொண்டிருக்கிறது. நான் மட்டும் தனியே போய் இறங்கினால் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வேன்.

நரைத்த மீசையோடு ஒரு மூத்த காவலர் என்னிடம் வந்தார். ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். நான் விழித்தேன். கனடா என்றதும் பிரெஞ்சு தெரியுமா என்றார். அவருடைய தாய் தகப்பன் பிரான்சில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களாம், அங்கேதான் வளர்ந்தாராம். நான் வாயைத் திறந்ததும், என் கியூபெக் பிரெஞ்சைக் கேட்டு அவருடைய மீசை ஒரு கணம் அசைந்தது. பிறகு மறுபடி இறுகிவிட்டது.

"உன் தோழியின் பெயர் என்ன?"

பாஸ்போட்டில் உள்ள பெயரைச் சொன்னேன்.

"அப்படியானால் அவள் சொன்னது யாருடைய பெயர்?"

சீருடையைக் கண்டால் உண்மையைக்கூடத் தடுமாறிச் சொல்கிறவள் நான். என் வாயிலிருந்து அது எப்படி வந்ததோ தெரியாது.

"வீட்டுப் பெயர், ஐயா. எங்கள் ஆட்களுக்குப் பத்திரத்தில் ஒரு பெயர் இருக்கும். வீட்டில் கூப்பிடுகிற பெயர் வேறு. எனக்கும் அப்படித்தான். பாஸ்போட்டைப் பாருங்கள், எவ்வளவு நீளம். வீட்டில் நான் பவா."

அவர் என் பாஸ்போட்டை விரித்து அந்த நீளப் பெயரை வாய்க்குள் வாசித்துப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

"நான் பத்திரத்தில் பிரான்சிஸ்கோ," என்றார். "ஆனால் என் அம்மா ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பாக்கோ. இந்த ஊரில் பாதிப் பேர் பாக்கோ."

நான் கையை நீட்டினேன். அவர் இன்னும் பாஸ்போட்டைத் தரவில்லை.

"சரி. அந்த வீட்டுப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடு பார்ப்போம்."

அவள் எங்களுக்கு முதுகு காட்டியபடி வான் கதவடியில் நின்றாள். வீதியில் பாரவண்டிகள் இரைந்துகொண்டு போயின, காற்றும் எதிர்க்காற்று. அந்தப் பெயரை நான் சற்று முன்னர்தான் கேட்டிருந்தேன். அதைவிடப் பெரிய பயம் வேறு. இத்தனை வருசத்தில் என் குரலுக்கு ஒருநாளும் திரும்பாதவள். அவள் திரும்பாவிட்டால் என் பொய் அந்த இடத்திலேயே செத்தது, அவளும் போனாள். கூப்பிட்டேன்.

குரல் எழும்பவே இல்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பெயரின் கடைசி எழுத்து வாயை விட்டுப் போகுமுன்னே அவள் திரும்பினாள்.

"ஓம்," என்றாள்.

திரும்பியது மட்டுமல்ல, இரண்டடி முன்னே வந்தும் நின்றாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் நேராக இருந்தன. என்னைப் பார்த்தாள், ஆனால் அந்தக் கண்ணுக்கு என்னைத் தெரியவில்லை. அடுத்து என்ன கேட்கப் போகிறீர்கள் என்று மட்டும் அந்த முகம் காத்திருந்தது. காவலர்களின் இடுப்புத் துவக்கைக் கண்டு வராத நடுக்கம் எனக்கு அந்த முகத்தைக் கண்டு வந்தது.

பெரியவருக்குத் திருப்தி. பாஸ்போட்டுகளைத் தந்தார், திறப்பைத் தந்தார். "பொலிஸ் கேட்டால் வீட்டுப் பெயரைச் சொல்லக்கூடாது, மதாம்," என்று அவளிடம் பிரெஞ்சில் சொல்லித் தொப்பியைத் தொட்டார். அவள் தலையாட்டினாள்.

கொஞ்சத் தூரம் ஓடி, ஒரு பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்தினாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவள் வாயில் வைத்தேன்.

"அந்தச் சொல்லாலை வந்தது அக்கா," என்றாள். "நொம்ப்ரே. அதுக்கு என்னட்டை அந்த ஒரு பதில்தான் இருக்கு."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவளைக் கொண்டுவந்தது தலைமாத்தின பாஸ்போட்டில். அதாவது, வேறு யாரோ ஒருத்தியின் உண்மையான பாஸ்போட்டில் படத்தை மட்டும் எடுத்துவிட்டு இவளுடைய படத்தை ஒட்டியது. ஸ்பெயின் விமான நிலையத்தில் கேட்டால் தடுமாறக்கூடாது என்று அந்த அறையில் ஏஜென்சிக்காரன் பழக்கியிருக்கிறான்.

"நல்ல நித்திரையிலை தட்டி எழுப்பி நொம்ப்ரே எண்டுவான். முதல் நாள் என்ரை பேரைச் சொல்லிப்போட்டன். அடி. பேந்து பேந்து கேட்டு, அந்தப் பாஸ்போட்டுக்காரியின்ரை பேர்தான் வாயிலை வரும் எண்ட மட்டும் விடேல்லை. அது காணாதெண்டு இன்னொரு வேலை செய்வான். சமைச்சுக்கொண்டு நிக்கேக்கை, தலை இழுக்கேக்கை, பின்னாலை வந்து எங்கடை சொந்தப் பேரைக் கூப்பிடுவான். திரும்பினால் சரி, அடி. எயாப்போட்டிலை ஊர்ச்சனம் ஆரும் கண்டு கூப்பிட்டாலும் திரும்பக்கூடாதெண்டு."

"கடைசி நாள் எயாப்போட்டிலையே சோதிச்சுப் பாத்தவன். லைனிலை நிக்கேக்கை பின்னாலை நிண்டு ஒவ்வொருத்தரின்ரை பேரையும் மெல்லமாய்ச் சொன்னவன். எனக்குப் பக்கத்திலை நிண்ட பிள்ளை திரும்பிப்போட்டுது. அவன் அதை மட்டும் லைனாலை வெளியிலை கூப்பிட்டுக்கொண்டு போனவன். பேந்து அதைக் காணேல்லை. என்ன நடந்ததெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது." அவள் தன் பிடரியைக் கையால் பொத்தினாள். "என்ரை பேர் கேக்குது அக்கா. ஒவ்வொரு முறையும் கேக்குது. கழுத்து விடுகுதில்லை."

அவள் பிடரியில் இருந்த கையின் மேல் என் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு, "மாசியிலை அந்தக் கேக்?" என்று கேட்டேன்.

"அவவின்ரை பிறந்தநாள். அதைத்தானே நீங்கள் நுள்ளி நிப்பாட்டினது." சிரிக்கப் பார்த்தாள். "அவவின்ரை பேரிலைதானே நான் கரை ஏறினது. ஆரெண்டு தெரியாது. படத்தைக்கூடக் காணேல்லை, எனக்குத் தாறதுக்கு முதலே கிழிச்சிட்டாங்கள். இருக்கிறாவோ இல்லையோ. ஒரு கேக் வைக்காட்டில் மனுசத் தன்மையில்லை அக்கா."

மாலகாவில் விமானத்தைப் பிடித்தோம். ஆனால் என் பயம் எங்களோடு ஏறிக்கொண்டது. அடுத்த நாள் பாரிசிலிருந்து மொன்றியலுக்குப் பறக்கையில், இறங்கினதும் கனடாக்காரன் பெயரைக் கேட்டால் இவள் எதைச் சொல்லுவாள் என்பதே என் யோசனை. அவள் கண்ணயர்ந்திருந்தாள். தோளைத் தட்டினேன்.

"உன்ரை பேர் என்ன? சொல்லு பாப்பம்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் யாராகத் தெரிந்திருப்பேன் என்பது எனக்கு உடனே உறைத்தது. போர்வையை இழுத்து அவளைப் போர்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

விமான நிலையத்தில் அவள் ஒரு வரிசை, நான் பக்கத்து வரிசை. "பொன்ஜூர்" என்றான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன். அவளுடைய உதடு அசைந்ததைக் கண்டேன், சொன்னது கேட்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, என் முறை வந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். அவள் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் எனக்காக நின்றாள். ஓடிப்போய்க் கேட்டேன்.

"என்ன கேட்டவன்? என்ன சொன்னனி?"

"பழம் ஏதும் கொண்டு வாறியோ எண்டு கேட்டவன். இல்லையெண்டு சொன்னனான்." பிறகு, "நல்ல காலம் அது கைச்சது," என்றாள்.

வெளியே கம்பிக்கு அப்பால் மகள் "மமோ" என்று கத்தியது. அவள் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு வந்த மாசியிலும் கேக் வந்தது. அந்த முறை நான் மெழுகுதிரியை ஏற்றினேன், வேறு ஒருவருக்கும் ஏனென்று தெரியாது. பிறகு தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தது. அவர்கள் கர்க்லாண்ட் பக்கம் வீடு வாங்கிப் போனார்கள். தொலைபேசி எடுப்பது குறைந்து நின்றுபோனது. யாரும் யாரையும் கோபிக்கவில்லை. இந்த நாட்டில் தூரம் அப்படித்தான் வேலை செய்யும்.

பல வருசம் கழித்து, லவாலில் ஒரு கடைத்தொகுதியில் அவளைக் கண்டேன். நத்தார்ப் பண்டிகை நெருங்குகிற மார்கழிச் சனிக்கிழமை, நெரிசல். எனக்கு முன்னால் கொஞ்சத் தூரத்தில், அம்மாவின் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட மகளோடு நடந்து போனாள். நடையைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. சந்தோசத்தில் வாயைத் திறந்தேன். திறந்தபடியே நின்றேன்.

என் வாயில் இரண்டு பெயர் இருந்தது. ஒன்றைச் சொன்னால் அவள் தோள் இறுக நடந்து சனத்துக்குள் மறைந்துவிடுவாள். மற்றதைச் சொன்னால் அந்த இரைச்சலுக்குள்ளும், மகளின் முன்னாலேயே, சட்டென்று நின்று திரும்பி "ஓம்" என்பாள். அந்தப் பெயரை நான் மறக்க எவ்வளவோ முயன்றும் மறக்கவில்லை. அது இன்னும் என்னிடம் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் தானியங்கிப் படியை நெருங்கிக்கொண்டிருந்தாள். நான் பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு, 'பர்தோன், பர்தோன்' என்று சனத்தை இடித்து விலக்கி, மூச்சிரைக்க ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நின்றேன். அவள் முகம் நிறையச் சிரித்தாள்.

"அக்கா, கூப்பிட்டனீங்களோ?"

"இல்லையடி," என்றேன். "கூப்பிடேல்லை."